கத்திரி வெயிலில் கொதிக்கும் சின்ன எஞ்சின்கள்

சித்திரை மாதத்தில் மதுரைக்கு வருகிறவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியாது. ஒன்று, கள்ளழகர் வைகையில் இறங்கும் வைபவம். மற்றொன்று, அந்த ஜனக் கூட்டத்தின் நடுவே ஊர்ந்து ஊர்ந்து வந்து, சிம்மக்கல் பக்கத்திலோ கோரிப்பாளையம் பக்கத்திலோ திடீரென்று மூச்சு நின்று, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகப்படும் வண்டிகள். என்ன ஆயிற்று என்று கேட்டால், தள்ளுகிறவர் நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டே, "வெயில் சார், வெயில்!" என்பார்.

வெயிலின் மேல் பழி போடுவது சுலபம். அது பதில் பேசாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்தக் குற்றத்தில் வெயிலின் பங்கு ரொம்பக் குறைவு என்று தெரியவரும்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் சின்ன எஞ்சின்களை நம்பிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்! உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து விடியற்காலையில் மல்லிகை மூட்டையை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஓடி வரும் மொபெட்டுகள், தெருத் தெருவாக ஆள் ஏற்றும் ஆட்டோக்கள், வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு இறைக்கும் மண்ணெண்ணெய் பம்ப் செட்டுகள், முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் மெஷின்கள், கடைவாசல் ஜெனரேட்டர்கள் ஆகிய எல்லாவற்றிலும் பெரும்பாலும் காற்றினாலேயே குளிர்விக்கப்படும் எஞ்சின்கள்தாம் இருக்கின்றன. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்று ஒன்றுதான் கதி.

மொபெட் விஷயத்தில் மதுரைக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடவும் உரிமை உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் இந்த ஊரில் ஆரம்பித்த ஸ்தாபனத்தின் வழிவந்ததுதான், 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50. இரண்டு பேர் ஏறிச் செல்லும்படியாக இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட் அது. செய்தவர்கள் இரண்டு பேருக்கென்றுதான் செய்தார்கள். நம் ஜனங்கள் அதில் இரண்டு பேரையும், ஆறு குடம் தண்ணீரையும், சில சமயம் ஓர் ஆட்டையும் ஏற்றினார்கள்! 2015-ல் வந்த அதன் வாரிசு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. ஆனால் அதுவும் காற்றையே நம்பியிருக்கிறது.

நான்கு இஸ்திரிப் பெட்டிகள்

பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. சின்ன எஞ்சினில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலை செய்கிறது. ஒரு பெரும்பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. இன்னும் ஏறத்தாழ முப்பது சதவீதம் சிலிண்டரின் சுவர் வழியாக வெளியே வந்தாக வேண்டும். ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது இந்தப் பங்கு நாலரைக் கிலோவாட்டுக்குக் கிட்டத்தட்ட வரும். அதாவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நான்கை ஒரு சொம்பு அளவுள்ள இரும்புக்குள் அடைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டது போல.

இந்த உஷ்ணத்தைத் தண்ணீர் எடுத்துப் போவதானால், தண்ணீர் 40 டிகிரி சூடேறும் கணக்கில், வினாடிக்குக் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கில் ஒரு சங்கு தண்ணீர் போதும். அதே வேலையைக் காற்று செய்ய வேண்டுமானால் வினாடிக்கு 100 லிட்டர் காற்று வேண்டும். ஏழு குடம்! தண்ணீர் சுமக்கிற உஷ்ணத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கைக்கூட அதே அளவுக் காற்று சுமக்காது.

பின் ஏன் காற்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? காரணம் உண்டு. தண்ணீருக்குப் பம்பு வேண்டும், ரப்பர் குழாய் வேண்டும், ரேடியேட்டர் வேண்டும். எல்லாம் ஒரு நாள் ஒழுகும். அதிலும் நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டில் வெந்நீர் அண்டாவைப் பார்த்தாலே தெரியும். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். காற்றில் உப்புப் படியாது. காற்றை யாரும் சுமந்து வர வேண்டியதும் இல்லை. ஏழைக்கேற்ற எஞ்சின் அது. அதற்குச் சேர வேண்டிய காற்றை மட்டும் நாம் திருடாமல் இருக்க வேண்டும்.

வெயிலா, வேகமா?

உஷ்ணம் எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது சிலிண்டருக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. சிலிண்டர் 180 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் 30 டிகிரிக் காற்று அடித்தால் வித்தியாசம் 150. கத்திரியில் 42 டிகிரிக் காற்று அடித்தால் வித்தியாசம் 138. நூற்றுக்கு எட்டுதான் குறைவு. வெயில் செய்கிற கொடுமை இவ்வளவே.

இப்போது வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போன வண்டி, நெரிசலில் சிக்கி 10 கிலோமீட்டருக்கு இறங்கினால், எஞ்சின்மேல் பாயும் காற்றின் வேகம் கால் பங்காகிறது. காற்று உஷ்ணத்தைக் கவரும் திறமை அதனால் சுமார் நாற்பது சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. வெயில் எட்டுப் பங்கு எடுத்துக்கொண்டால், நெரிசல் அறுபது பங்கு எடுத்துக்கொள்கிறது! வண்டி லேசாக, ஆக்ஸிலேட்டர் கொஞ்சமாகத் திறந்து போனால் உஷ்ணமும் குறைவாகப் பிறக்கும், தப்பிக்கலாம். மூட்டையை ஏற்றிக்கொண்டு, எதிர்காற்றில், மேட்டில், முழு ஆக்ஸிலேட்டரில், ஆமை வேகத்தில் போகிறவருக்குத்தான் ஆபத்து.

ஆபத்து என்றால் என்ன? எஞ்சினுக்குள் ஓடும் பிஸ்டன் அலுமினியம். பழைய வண்டிகளில் அது ஓடும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன், நூறு டிகிரி சூடு கூடினால் 0.08 மில்லிமீட்டர் பருக்கிறது. சிலிண்டர் அதில் பாதிதான் விரிகிறது. மிச்சமுள்ள 0.04 மில்லிமீட்டர், தலைமயிரின் பருமனில் பாதி. இதைத் தாங்கத்தான் இடைவெளி விட்டுச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளியும் மயிரிழைக் கணக்குத்தான். அளவை மீறி பிஸ்டன் மட்டும் சூடேறினால் இடைவெளி மறைந்து, எண்ணெய்ப் படலம் கிழிந்து, அலுமினியம் சுவரில் அப்பிக்கொள்கிறது. "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பூ மார்க்கெட்டில் விலை விழுவதற்குள் போய்ச் சேர வேண்டியவருக்கு, நடுவழியில் இது நடந்தால் அன்றைய மல்லிகை முழுவதும் நஷ்டம். பட்டறைச் செலவு தனி.

மூடினால் குளிருமா?

இங்கேதான் ஒரு பெரிய தப்பபிப்பிராயம் குறுக்கே வருகிறது. ஸ்கூட்டர், ஆட்டோ, ஜெனரேட்டர், மருந்து மெஷின் ஆகியவற்றில் சிலிண்டரைச் சுற்றித் தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஒரு மூடி இருக்கும். எஞ்சின் சூடாகிறது என்றதும் நம்மவர்கள் முதலில் செய்கிற காரியம், அந்த மூடியைக் கழற்றி எறிவதுதான். "சட்டையைக் கழற்றினால் நமக்குக் காற்று வருகிறதல்லவா? எஞ்சினுக்கும் அப்படித்தானே!" கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் எஞ்சினைக் கொல்லும் வழி இது.

நம் பாட்டிமார் விறகடுப்பில் ஊதாங்குழல் வைத்து ஊதினார்கள். குழல் இல்லாமல் அதே மூச்சை அடுப்பின்மேல் ஊதினால் என்ன ஆகும்? முகத்தில் சாம்பல் பறக்கும், நெருப்பு எரியாது. மூச்சு ஒன்றுதான். குழல் அதைச் சிதறவிடாமல் வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. எஞ்சின் மூடியும் ஊதாங்குழல்தான். சக்கரத்தோடு சுழலும் விசிறி உறிஞ்சும் காற்று அந்தக் கூட்டுக்குள் அடைபட்டு, சிலிண்டரின் தகடுகளுக்கு இடையே நெருக்கியடித்துக்கொண்டு போய், மறுபக்கம் சூடாக வெளியேறுகிறது. மூடியைக் கழற்றினால், காற்று சுலபமான வழியில் பக்கவாட்டில் ஓடிவிடும். தகடுகளின் சந்துக்குள் நுழைய அதற்கு என்ன தலையெழுத்தா? முக்கியமாகச் சிலிண்டரின் முதுகுப் பக்கம் காற்றே படாமல் வேகும்.

இத்தாலியில் 1946-ல் பியாஜியோ கம்பெனிக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ, அடிப்படையில் ஆகாய விமான எஞ்சினீயர். ஓட்டுகிறவரின் துணியில் அழுக்குப் படாமலிருக்க எஞ்சினை உடம்புத் தகட்டுக்குள் மறைத்தார். மறைத்தால் காற்று வராதே? ஆகவே ஃப்ளைவீலிலேயே விசிறி இறக்கைகளை வைத்து, மேலே மூடியும் போட்டார். வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடும்வரை காற்று உண்டு. பிற்பாடு பஜாஜ் கம்பெனி மூலம் இந்தியாவுக்கு வந்த ஸ்கூட்டர்களும், நம் தெருக்களில் பல்லாண்டுகள் ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோக்களும் இதே ஏற்பாட்டைக் கொண்டவை.

இந்த ஞானம் ஆகாய விமானத்திலிருந்து வந்ததுதான். விமானத்தின் மூக்கில் வட்டமாக அமைந்த எஞ்சின்களின் சிலிண்டர்கள் ஒரு காலத்தில் திறந்தபடியே இருந்தன. நன்றாகக் காற்றுப் படட்டும் என்ற எண்ணம். அமெரிக்க அரசாங்கத்தின் லாங்லி ஆராய்ச்சிசாலையில் ஃபிரெட் வீக் என்பவரும் அவரது சகாக்களும் 1928-ல் முழு எஞ்சினுக்கும் மூடி போட்டுப் பரீட்சை செய்தார்கள். முதலில் சூடு சரியாக இறங்கவில்லை. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை மாற்றி மாற்றி வைத்த பிறகு, எஞ்சின் வேண்டிய அளவு குளிர்ந்தது. காற்றின் எதிர்ப்பும் ஏராளமாகக் குறைந்தது. 1929-ல் லாக்ஹீட் கம்பெனியின் ஒரு விமானத்தில் இதைப் பொருத்தியபோது, அதே எஞ்சினோடு அதன் உச்ச வேகம் மணிக்கு 157 மைலிலிருந்து 177 மைலாக உயர்ந்தது. எவ்வளவு காற்றுப் படுகிறது என்பதைவிட, பட்ட காற்று எந்த வழியாகப் போகிறது என்பதே பெரிது என்று அன்று ருசுவாயிற்று.

ஆகவே, பழைய ஸ்கூட்டரோ ஜெனரேட்டரோ கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மூடி இருக்கிறதா என்பதே. இருந்தால், எல்லாத் திருகும் இருக்கிறதா? ஓரத்தில் விரிசல் உண்டா? விசிறி இறக்கைகளில் ஒன்றிரண்டு ஒடிந்திருக்கிறதா? காற்று நுழையும் வலையில் பஞ்சும் வைக்கோல் தூசியும் அடைத்திருக்கிறதா? நெல் அறுக்கும், புல் வெட்டும் மெஷின்களில் இந்த வலையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைத்தாலும் தகும். அவை வேலை செய்கிற இடமே தூசிமயம்.

தகடுகளின் கதை

பட்டறைக்காரர்கள் "ஃபின்" என்று சொல்லும் அந்தத் தகடுகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. காற்று மெதுவாகவே உஷ்ணத்தை வாங்கும். ஆகவே அதற்குத் தொடும் இடத்தை அதிகப்படுத்திக் கொடுக்கிறார்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே சில மில்லிமீட்டர் சந்து இருக்க வேண்டும். அந்தச் சந்தில் எண்ணெய்க் கசிவும் செம்மண்ணும் சேர்ந்து பிசைந்து இறுகிவிட்டால், சிலிண்டருக்குக் கம்பளி போர்த்தினது போலத்தான். மண்ணும் எண்ணெயும் உஷ்ணத்தைக் கடத்துவதில் உலோகத்துக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

சுத்தம் செய்வது பெரிய வித்தை அல்ல. எஞ்சின் நன்றாக ஆறின பிறகு, திறந்த வெளியில், மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் சந்து சந்தாகத் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மண்ணெண்ணெயும் கூடாது, தண்ணீரும் கூடாது. கொதிக்கிற சிலிண்டரில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி, ஹெட் கோணலாகலாம். வார்ப்பிரும்பு விரிசல் விடவும் கூடும். கசிவை அடைக்காமல் சுத்தம் செய்வதும் வீண் வேலை. ஒரு மாதத்தில் மறுபடி பிசைந்துகொள்ளும்.

ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தால் எஞ்சின் கோபித்துக்கொள்ளாது. ஆனால் வருஷா வருஷம் பளபளவென்று வெள்ளி பெயின்ட் அடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது வேறு விஷயம். பத்து வருஷத்துப் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால், சந்து குறுகி, மேலே ஒரு தோல் போர்த்தினாற்போல் ஆகிவிடும். கம்பெனியில் அடித்து வரும் மெல்லிய கறுப்புப் பூச்சே போதும்.

சிலர் அலுமினியப் பட்டைகளை வெட்டித் தகடுகளில் செருகிப் பார்க்கிறார்கள். யோசனை நல்லதுதான், அலுமினியம் வார்ப்பிரும்பைவிட மூன்று மடங்கு நன்றாக உஷ்ணத்தைக் கடத்தும். ஆனால் செருகின இடத்தில் காகிதப் பருமன் இடைவெளி இருந்தாலும் நடுவில் காற்றுப் படலம் புகுந்து எல்லாப் பலனையும் கெடுத்துவிடும். போதாததற்கு, பட்டைகள் இருக்கிற சந்தையும் அடைக்கும். அதைவிட எஞ்சினுக்கு முன்னால் மூட்டையைத் தொங்கவிடாமல் இருப்பது மேல். மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் அரிசி மூட்டையை நிறுத்தி, இரண்டு பக்கமும் பைகளை மாட்டிவிட்டால், எதிர்காற்றுக்கு ஏது வழி?

சூடு பிறக்கும் இடம்

இத்தனை நேரம் சூட்டை வெளியேற்றுவதைப் பற்றிப் பேசினோம். வேண்டாத சூடு பிறக்காமல் பார்ப்பது அதற்குச் சமமான வேலை. இதில் பெரிய எதிரி, "மைலேஜ்" ஆசை.

கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் லிட்டருக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, இவரும் மாற்றிவிடுகிறார். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமான கலவை சிலிண்டருக்குள் சூட்டை ஏற்றும். சிறிது கூடுதலாக வரும் பெட்ரோல், ஆவியாகும்போது உள்ளேயிருந்து குளிர்விக்கும் வேலையையும் செய்கிறது, அது போய்விடுகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடு அதிகம், எண்ணெய் குறைவு: சீஸ் ஆக வேறு என்ன வேண்டும்? ரப்பர் குழாய் வெடித்தோ கேஸ்கெட் தேய்ந்தோ திருட்டுக் காற்று நுழைந்தாலும் இதே கதி.

இப்போது ஒரு புது விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய கார்பரேட்டரை மாற்றாமல் விட்டால் கலவை இன்னும் கொஞ்சம் மெலிந்துவிடும். புது வண்டிகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. பழைய மொபெட்டையும், 1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள், ஏற்கெனவே மெலிவாக வைத்த ஜெட்டை மெக்கானிக்கிடம் காட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும். சாம்பல் பூத்து வெளுத்திருந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

மண்ணெண்ணெய் பம்ப் செட் இன்னும் நோஞ்சான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் சீக்கிரம் "டக்டக்" என்று தட்டும் குணமுள்ளது. அந்தத் தட்டலே சிலிண்டரைச் சூடேற்றும். சூடு தட்டலை அதிகப்படுத்தும். ஒன்றையொன்று ஏற்றிவிடும் சண்டைபோல. சத்தம் கேட்டவுடன் ஆக்ஸிலேட்டரைக் குறைக்க வேண்டும். பம்ப் செட்டை வெயிலில் வைக்காமல் ஓலைப் பந்தல் போட்டு நிழலில் வைக்கலாம். ஆனால் பந்தலுக்கு நாலு பக்கமும் திறந்திருக்கட்டும்.

ஜெனரேட்டருக்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. 2012-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாட்டின் வெளி மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்தபோது, மதுரையில் கடைக்குக் கடை சின்ன ஜெனரேட்டர்கள் முளைத்தன. திருடு போகாமலிருக்கவும் சத்தம் கேட்காமலிருக்கவும் அதை மாடிப்படிக்கு அடியிலோ, பெட்டி அடித்து அதற்குள்ளோ வைத்தவர்கள் உண்டு. அப்படி வைத்தால் அது விட்ட சூடான காற்றையே மறுபடி இழுக்கும். 42 டிகிரிக் காற்று சிறிது நேரத்தில் 60 டிகிரியாகும். விசிறி எவ்வளவு சுழன்றாலும் வெந்நீரில் குளிக்கிற கதைதான். எஞ்சின் கெட்டால் போகட்டும், அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆளையே கொன்றுவிடும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். விசிறியின் வாய்க்கு முன்னாலும் சைலன்ஸருக்குப் பின்னாலும் தாராளமாக இடம் விட வேண்டும்.

ஓட்டுகிறவர் கையில்

விசிறி உள்ள எஞ்சினை, நன்றாக உழைத்த பிறகு சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷம் பாரமில்லாமல் ஓடவிட்டால் விசிறி மிச்சச் சூட்டை இறக்கிவிடும். விசிறி இல்லாத மொபெட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இது பொருந்தாது. அவை நின்றபடி ஓடினால் சூடேறத்தான் செய்யும். கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்து உடனே நிறுத்திவிடுவது சரி. சிக்னலில் காத்திருக்கும்போதும் நிறுத்திவிடலாம்.

எஞ்சின் பிடித்துக்கொள்ளப் போகிறது என்றால் அநேகமாக முன்கூட்டியே சொல்லும். ஆக்ஸிலேட்டர் அதே அளவில் இருக்கும்போதே இழுவை குறையும். தகரத்தில் கல் போட்டாற்போல் ஒரு சத்தம் வரும். கருகின எண்ணெய் வாடை அடிக்கும். கியர் வண்டியானால் அந்த நிமிஷமே கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். இல்லையேல் பின்சக்கரம் இறுகி வண்டி சறுக்கிவிடும். நிழலில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றாமல், அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கிக்கரை உதைக்காமல் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிப் போகலாம். கரகரவென்று உராய்ந்தால் தள்ளிக்கொண்டு போவதே லாபம். சுவரில் அப்பிய அலுமினியம் மேலும் மேலும் கீறும்.

பட்டறையில் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்து, கீறல் ஆழமாக இருந்தால் "போர்" போடச் சொல்வார்கள். கால் மில்லிமீட்டர் கடைந்து, அதற்குத் தக்க பெரிய பிஸ்டன் போடுவது முதல் போர். பிறகு அரை, முக்கால், ஒன்று என்று வழக்கமாக நான்கு தடவைக்கு இடம் உண்டு. அதற்கும் பிறகு உள்ளே புது ஸ்லீவ் இறக்க வேண்டும். அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும். எந்தப் போரானாலும், பட்டறையிலிருந்து வெளியே வருவதற்கு முன் மூடியும் அதன் திருகுகளும் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துப் பணம் கொடுங்கள்.